வகுப்பும் வர்க்கமும்: வெளியிணைப்பு எஞ்சின் படகோட்ட விதிகள் பற்றிய ஒரு நோக்கு

போட்டிப் படகுகளின் பிரிவைச் சுட்டவும், உடைமையின் அடிப்படையில் சமுதாயத்தில் மனிதர் பிரிந்து நிற்கும் நிலையைச் சுட்டவும் ஆங்கிலேயர் ஒரே சொல்லை வழங்குவர். தமிழ் இவற்றை வகுப்பு என்றும் வர்க்கம் என்றும் வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாடு தெளிவுக்கு உதவுவதாயினும், சிலபோது இரண்டுக்குமிடையிலான உறவை மறைத்தும் விடுகிறது. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு படகுகளின் ஓட்டப் போட்டியில் எந்த எஞ்சின் எந்த வகுப்பைச் சார்ந்தது என்பது பற்றி ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவரும் வாதம், மேலோட்டமாக நோக்குவார்க்குப் பொறியியல் வாதமாகவே தோன்றும். எவர் தொடக்கக் கோட்டில் நிற்கலாம், எவர் கரையில் நின்று பார்க்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள் என்பது எமது கருத்து. இதனைப் பாலாவிக் கரையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவாரம் திருக்கேதீச்சரத்தோடு சேர்த்துப் பேசும் பாலாவி மன்னாரிலுள்ள தீர்த்தம். நாம் குறிப்பது அதுவன்று. புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியைச் சூழ்ந்த பாலாவி இது. சீமெந்துத் தொழிற்சாலையும் உப்பளங்களும் புகையிரதப் பாதையும் இவ்வூரின் அடையாளங்கள். அருகே கிடக்கும் புத்தளம் களப்பு முந்நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. எனினும் அதன் பெரும்பகுதியில் ஆழம் ஓரிரு மீற்றரே. இறாலும் நண்டும் மீனும் தேடித் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தொழில் செய்யும் நீர்ப்பரப்பு இது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். படகையும் எஞ்சினையும் வலையையும் மன்னார்க் கரையில் விட்டு வந்த கடற்றொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய கரையில் எஞ்சின் என்பது விளையாட்டுப் பொருளன்று. வீட்டுக்கு அடுத்தபடியான முதல். சில குடும்பங்களில் வீட்டையும் விடப் பெறுமதி கூடிய முதல்.

இக்கரையில் படகுகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. இலங்கைக் கடற்றொழிற் திணைக்களம், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டத்தின் கீழ்ப் படகுகளைப் பதிவு செய்கிறது. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகு ஓ.எப்.ஆர்.பி.; எஞ்சின் பூட்டிய மரபுவழித் தோணி எம்.ரி.ஆர்.பி.; எஞ்சினற்றது என்.ரி.ஆர்.பி. படகின் பக்கத்திலே பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருக்கும் பதிவிலக்கம் இக்குறியோடுதான் தொடங்குகிறது. நிருவாகத் தேவைக்கு இப்பாகுபாடு போதும். ஆனால் மக்கள் 'பைபர் போட்' என வழங்கும் கண்ணாடியிழைப் படகுகளுள் 8 குதிரைவலு எஞ்சின் பூட்டியதும் 40 குதிரைவலு எஞ்சின் பூட்டியதும் ஒரே எழுத்துக்களையே தாங்கி நிற்கின்றன. களப்பிலே விடியற்காலையில் முதலிற் சென்று வலை விடுபவர் எவர் என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு அவ்வெழுத்துக்களில் இல்லை. புதுவருடக் காலத்திலோ கோயில் திருவிழாவிலோ, பள்ளிவாசல் முன்றலிற் கூடிப் பேசியோ, ஒரு கரையினர் எஞ்சின் படகுப் போட்டியொன்றை நடத்த விரும்பினால் அவர்கள் எதிர்நோக்கும் முதற் சிக்கல் இதுவேயாகும்.

துடுப்புப் படகிலும் பாய்மரப் படகிலும் இச்சிக்கல் இல்லை எனலாம். கேரளத்தின் ஆலப்புழையில் 1952 இலிருந்து நடைபெறும் நேரு கிண்ணப் போட்டியிற் சுண்டன், வெப்பு, இருட்டுகுத்தி, சுருளன் என வள்ளத்தின் வடிவமே வகுப்பாகிறது. வெப்பு, இருட்டுகுத்தி ஆகியவற்றுள் உட்தரங்களும் உண்டு. வடிவத்தையும் துடுப்புக்களின் தொகையையும் கரையில் நிற்பவன் கண்ணாலேயே சரிபார்க்க முடியும். எஞ்சினின் ஆற்றலோ உறைக்குள் மறைந்துள்ளது.

அதனை வெளிப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் எண்ணே குதிரைவலு. பாடநூல்கள் இதைப் பரிவலு என்கின்றன. கரையிலே 'பதினைஞ்சு குதிரை' என்றால் எவருக்கும் விளங்கும். இவ்வலகு வணிகத் தேவையொன்றிலிருந்து பிறந்தது. நீராவிப் பொறி விற்ற ஜேம்ஸ் வாட், தமது பொறி எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என வாங்குவோருக்குக் காட்டவே அதனைக் கணித்தார். அவ்வணிகத் தன்மை இன்றும் அகலவில்லை. 1947 அளவில் ஐக்கிய அமெரிக்காவின் மேர்க்குரி நிறுவனம் வெளியிட்ட 'லைட்னிங்' எஞ்சினின் உறையில் 10 என்றே பொறிக்கப்பட்டிருந்தது. நீரிலே அது பத்தினும் மிக்க வலுவைக் காட்டியது என்பதை அன்றைய படகோட்டிகள் யாவரும் அறிவர். குறைத்துச் சொல்லப்பட்ட எண்ணும் ஒரு விளம்பரமே. அடுத்தவனின் பத்தை இவனது பத்து முந்தினால் வாங்குவோர் வேறென்ன கேட்பர்?

மாறுதலையான நிகழ்வும் உண்டு. அமெரிக்க ஏரிகள் பலவற்றில் 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்குத் தடை உண்டு. எனவே 1974 இல் ஜோன்சன், எவின்றூட் எஞ்சின்களை ஆக்கிய ஓ.எம்.சி. நிறுவனம் ஒரே உடலமைப்பில் 9.9 என்றும் 15 என்றும் இரு எஞ்சின்களை விற்கத் தொடங்கியது. முக்கிய வேறுபாடு எரிபொருளும் காற்றும் கலந்து புகும் காபரேற்றரில் இருந்தது. யமஹாவின் ஈரடிப்பு எஞ்சின்களிலும் 9.9 உம் 15 உம் 246 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையன. ஆகவே '10 குதிரைவலுவுக்கு உட்பட்டவை' என்று ஒரு போட்டி வகுப்பை அமைப்போமாயின், உறையைக் கழற்றி ஒரு காபரேற்றரை மாற்றத் தெரிந்தவனுக்கும் அதற்குப் பணமுடையவனுக்கும் 15 குதிரைவலுவைக் கையிற் கொடுத்தவர்களாவோம். குதிரைவலுவை அளக்கக் கருவி வேண்டும். அக்கருவி கடற்கரையில் இல்லை.

இதனாலேயே போட்டிச் சங்கங்கள் வேறோர் அளவையை நாடின. 1903 இல் தோன்றிய அமெரிக்க விசைப்படகுச் சங்கமும், 1922 இல் பெல்ஜியத்தில் தொடங்கி இன்று யூ.ஐ.எம். எனப்படும் சர்வதேச ஒன்றியமும் சிலிண்டர் கொள்ளளவை அடிப்படையாகக் கொண்டு வகுப்புக்களை அமைத்தன. அமெரிக்காவில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்கள் ஏறத்தாழ 15, 20, 30, 40 கன அங்குலங்களைக் குறித்தன. ஐரோப்பாவில் 250, 350, 500 கன சென்ரிமீற்றர் என்ற படிகள் வழங்கின. கொள்ளளவைப் பொய்யாக்குதல் கடினம். சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் ஓடும் தூரத்தையும் அளவுகோலால் அளந்து பெருக்கினால் விடை கிடைக்கும். யமஹா 15 இல் விட்டம் 56 மில்லிமீற்றர், ஓட்டம் 50 மில்லிமீற்றர், சிலிண்டர் இரண்டு, பெருக்கினால் 246. புத்தளத்து எஞ்சின் திருத்துநர் எவரும் அரைமணி நேரத்திற் செய்யக்கூடிய பரிசோதனை இது.

ஆயினும் கொள்ளளவும் நடுநிலையானதன்று. சுசுக்கியின் ஈரடிப்பு 15 எஞ்சின், விட்டம் 59, ஓட்டம் 52 என்ற அளவுகளால் 284 கன சென்ரிமீற்றர் பெறுகிறது. 250 என்று கோடு கிழித்தால், ஒரே வலு, ஏறத்தாழ ஒரே விலை, ஒரே தொழில் உடைய இரண்டு எஞ்சின்களுள் ஒன்று உள்ளேயும் மற்றது வெளியேயும் நிற்கும். கடையில் எந்த எஞ்சின் தவணைக்குக் கிடைத்ததோ அதனை வாங்கிய தொழிலாளி, பெல்ஜியத்திலோ மிச்சிக்கனிலோ என்றோ வகுக்கப்பட்ட எண்ணொன்றினால் மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டு 350 உடன் மோதவேண்டியவன் ஆகிறான். நாற்கால் அடிப்பு எஞ்சின்கள் வந்தபின் சிக்கல் மேலும் கூடியது. ஈரடிப்பு எஞ்சினில் தண்டு சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நிகழும். நாலடிப்பில் இரு சுற்றுக்கு ஒருமுறையே நிகழும். யமஹாவின் நாலடிப்பு 15, 362 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இவற்றைச் சமப்படுத்த எந்தப் பெருக்குத்தொகையைக் கொள்வது என்பதில் ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு முடிவுக்கு வந்துள்ளது.

இவ்விடத்தில் ஒரு பழைய தீர்வைக் கூர்ந்து நோக்குதல் தகும். 1920களிலும் 1930களிலும் அமெரிக்க வெளியிணைப்புப் போட்டிகளிற் பந்தயத்துக்கென்றே ஆக்கப்பட்ட எஞ்சின்கள் ஆதிக்கம் பெற்றன. வீட்டின் பின்புறத்தில் படகு கட்டி, கடையில் வாங்கிய எஞ்சினைப் பூட்டி ஓடியவன் பின்தள்ளப்பட்டான். இரண்டாம் உலகப் போரின் பின், 1940களின் பிற்பகுதியில், 'வாங்கியபடியே' ஓட்டும் எஞ்சின்களுக்கெனத் தனிப் பிரிவு உருவாயிற்று. எஞ்சினின் உள்ளுறுப்புக்களை அராவுதல், துவாரங்களை அகலித்தல், புகைபோக்கியை மாற்றுதல் ஆகியன விலக்கப்பட்டன. அமெச்சூர் எனப்படும் தொழில்சாராப் போட்டியாளரை இவ்விளையாட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தது இவ்விதியே. பின்னாளில் ஐரோப்பாவில் இளைஞருக்கென அமைந்த ஜி.டி. 15, ஜி.டி. 30 வகுப்புக்களும் இதே சிந்தனையின் வழிப்பட்டனவே. அவற்றிலே கடையில் விற்கப்படும் 15, 30 குதிரைவலு எஞ்சின்கள் பெரிதும் மாற்றமின்றிப் பூட்டப்படுகின்றன.

விதி இயற்றுவோர் மறுபுறத்தே தளர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குத் தொழில்முறைப் போட்டியே சான்று. 1980களின் தொடக்கத்தில் யூ.ஐ.எம். முதனிலைப் போட்டியில் 2 லீற்றர் எல்லைக்குட்பட்ட ஓ.என். வகுப்பும், எல்லையற்ற ஓ.சட். வகுப்பும் மோதின. எல்லையற்ற வகுப்பில் ஓ.எம்.சி. 3.5 லீற்றர் எஞ்சினை இறக்கியது. வேகம் படகின் உறுதியை மிஞ்சியது. 1984 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிரித்தானிய ஓட்டுநர் டொம் பேர்சிவல் உயிரிழந்தார். பின்னர் 2 லீற்றர் எல்லையே நிலைபெற்றது. இரு பெருநிறுவனங்களின் விற்பனைப் போட்டிக்கு ஓட்டுநர்கள் உயிர்விலை கொடுத்தனர் என்றே நாம் இதனைக் கொள்கின்றோம்.

எஞ்சினை மட்டும் வகுத்தால் போதுமா? போதாது. நீரைக் கிழித்து மேலெழுந்து சறுக்கியோடும் படகின் வேகம், வலுவை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தோடு ஏறத்தாழ விகிதசமமானது என்பது படகு வடிவமைப்பாளர் பயன்படுத்தும் எளிய சூத்திரம். இதன்படி வேகத்தை இரட்டிப்பதற்கு வலுவை நான்கு மடங்காக்க வேண்டும். 15 குதிரைவலுவிலிருந்து 40க்குச் சென்றவன், செலவை எவ்வளவு பெருக்கியிருப்பினும், வேகத்தில் ஒன்றரை மடங்கினும் சிறிதே கூடப் பெறுவான். மறுபுறம், ஆளும் எஞ்சினும் சேர்ந்து 330 கிலோ எடையுள்ள படகில் 30 கிலோவைக் குறைத்தால், 15 குதிரைவலுவோடு ஒன்றரைக் குதிரைவலுவைச் சேர்த்ததற்குச் சமமாகும். தொழிற்படகு பாரமானது, வலையையும் பனிக்கட்டியையும் மீனையும் சுமக்கக் கட்டப்பட்டது. போட்டிக்கென இலேசாகக் கட்டிய ஓடு ஒன்று அதே எஞ்சினோடு வந்தால் தொழிலாளியின் படகு தோற்றே தீரும். ஆகவே குறைந்தபட்ச எடை விதி, எஞ்சின் விதியளவுக்கு முக்கியமானது. இலேசான படகுக்காரன் மணல்மூட்டை ஏற்றட்டும். (நாள்தோறும் ஒருவேளை உணவைக் குறைத்துத் தொழில் செய்யும் இளைஞன் மெலிந்த உடலால் சிறிது முந்துவான், அவ்வொரு சலுகையையும் எடை விதி பறித்துவிடுவது ஒரு கசப்பான வேடிக்கை.)

எரிபொருளும் அவ்வாறே. இலங்கைக் கரையோரத்தின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவன. அதற்கெனத் தாழ்ந்த அழுத்த விகிதத்தோடு ஆக்கப்பட்ட எஞ்சின், அதே கொள்ளளவுடைய பெற்றோல் எஞ்சினின் வலுவைத் தராது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தபோது பல படகுகள் கரையிலேயே கிடந்தன. பெற்றோலை விதி அனுமதித்தால், அதனை வாங்க வசதியுள்ளவன் எஞ்சினை மாற்றாமலே ஒரு வகுப்பு மேலேறிவிடுகிறான்.

இனி, இவ்விளையாட்டின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுள்ள 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு வருவோம். இச்சொல்லின் வரலாறு இங்கிலாந்தின் படகுத்துறைகளில் எழுதப்பட்டது. ஹென்லிப் படகுப் போட்டியின் நிருவாகிகள் 1879 இல் வகுத்த வரைவிலக்கணத்தின்படி, படகு சார்ந்த வேலையிற் கூலி பெற்றவனும், கைவினைஞனும், கூலித் தொழிலாளியும் அமெச்சூர் ஆகார். 1920 இல் அமெரிக்கரான ஜோன் கெலியின் நுழைவு அங்கு மறுக்கப்பட்டது. அவரது கழகத்தின் மீதிருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் கொத்துவேலை செய்தவர் என்பது மற்றொன்று. அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் பிரித்தானிய வீரரைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். உடலுழைப்பாளரை விலக்கும் வாசகம் 1930களின் பிற்பகுதியிலேயே நீக்கப்பட்டது. வர்க்கம் வகுப்பு விதியாக எழுத்திலேயே வடிக்கப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அவ்விதியைப் பாலாவிக்குக் கொண்டுவந்தால் களப்பில் எஞ்சின் பிடிக்கத் தெரிந்த எவனும் போட்டியிட முடியாது. விடுமுறைக்குக் கற்பிட்டி செல்லும் கொழும்புக்காரர் மட்டுமே போட்டியிடலாம்.

அவ்வாசகம் மறைந்தபின் அதன் வேலையை விலை செய்துவருகிறது என்பதே எமது வாதம். தடை செய்யத் தேவையில்லை. எஞ்சினை அராவ அனுமதித்தாற் போதும்.

இவ்விலை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கரையோரத்துத் தொழிலுறவிற் காணலாம். சிறு படகுத் தொழிலில், எரிபொருட் செலவு கழித்து எஞ்சும் வருவாய் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆளுக்குப் பங்கு இருப்பதுபோலப் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்குண்டு. எஞ்சின் ஒரு பங்காளி. அதன் பங்கை வாங்குபவர் அதன் உடைமையாளர். சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றுத் தொழில் செய்பவர், மீனையும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேர்கிறது. இலங்கையில் அரசு 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இயந்திரமயமாக்கத்தின் பயன்கள் மீனவர் யாவரையும் சமமாகச் சென்றடையவில்லை என்பதைப் போல் அலெக்சாந்தர் 1975 இலேயே எழுதினார். 1980களிற் கேரளக் கரையில் 7, 8 குதிரைவலுவில் தொடங்கிய எஞ்சின்கள் சில ஆண்டுகளில் 25, 40 என வளர்ந்து, ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று எஞ்சின் என்ற நிலையை அடைந்தன. அது நடுவரோ கிண்ணமோ இல்லாத ஓட்டப் போட்டி, பின்தங்கியவன் கடனாளியானான். வடஇலங்கைக் கடலிலோ போர்க்காலத்திற் படைத்தரப்பு குதிரைவலுவுக்கு எல்லையிட்டது. அங்கே உறையிலிருந்த எண் பாதுகாப்புப் பிரச்சினையாயிற்று.

எனவே, பாலாவிக் கரையில் ஒரு தொடக்கக் கோட்டை இட்டுப் பார்ப்போமாயின், அதற்கான விதிகள் பின்வருமாறு அமையலாம். கொள்ளளவையோ உறை எண்ணையோ தனித்து நம்பாது, அக்கரையில் உண்மையாகப் பயன்படும் எஞ்சின் மாதிரிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடலாம். யமஹா 15 உம் சுசுக்கி 15 உம் அருகருகே நிற்கும். எஞ்சின் வாங்கியபடியே இருத்தல் வேண்டும். காபரேற்றரை ஊரறிந்த திருத்துநர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் திறந்து பார்க்கட்டும். எரிபொருள் மண்ணெண்ணெய், ஒரே கொள்கலனிலிருந்து அளந்து கொடுக்கப்பட வேண்டும். படகு தொழிலுக்குப் பதியப்பட்டதாக இருத்தலும், குறைந்தபட்ச எடையும் வேண்டும். விசிறிதான் சிக்கலானது. அதன் சரிவைச் சிறிது மாற்றினாலும் வேகம் மாறும். களப்பின் ஆழங்குறைந்த தரையில் உரசித் தேய்ந்த விசிறியோடு வருபவன் புதிய விசிறி வாங்கியவனிடம் தோற்பான். கூட்டாக ஒரே வகை விசிறிகளை வாங்கிச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தல் இதற்கு ஒரு வழி.

மேலைநாட்டு மோட்டார்ப் போட்டிகள் சிலவற்றில் ஒரு கூரிய விதி உண்டு. வென்றவனின் எஞ்சினை, முன்னரே குறித்த விலைக்குத் தோற்றவன் கேட்டு வாங்கலாம். ஆயிரம் ரூபாய்ப் பெறுமதி என்று குறித்த எஞ்சினில் ஐயாயிரத்தைக் கொட்டியவன், வெற்றியோடு அதனை இழப்பான். ஆதலால் எவனும் கொட்டமாட்டான். பரிசோதகரே தேவையற்ற அழகான ஏற்பாடு. முதலில் எமக்கும் இது பெரிதும் உவப்பாயிருந்தது. ஆனால் அது எஞ்சின் மேலதிகப் பொருளாக இருக்கும் சமுதாயத்தின் விதி. பாலாவியில் வென்றவனின் எஞ்சினைச் சம்மாட்டி ஒருவர் குறித்த விலை கொடுத்து எடுத்துக்கொண்டால், மறுநாள் விடியலில் வலைக்குப் போக அவனுக்கு எஞ்சின் இராது. எஞ்சின் பங்கும் கைமாறிவிடும்.

பரிசு யாருக்கு என்பதும் தீர்க்கப்படவேண்டியதே. எஞ்சின் பிடித்தவனுக்கா, எஞ்சினின் உடைமையாளருக்கா? கரையின் வழக்கப்படி பங்கு பிரித்தால் கிண்ணப் பணத்தின் ஒரு பகுதி கரையில் நின்றவருக்குச் செல்லும். ஓட்டியின் பெயரிலேயே நுழைவைப் பதிந்து, பரிசும் அவருக்கே என்று விதியின் முதல் வரியில் எழுதலாம். அப்போது சில உடைமையாளர் படகைத் தரமாட்டார்கள்; தொடக்கக் கோட்டில் நிற்கும் படகுகள் குறையும்.